வெளி ஆள்

இருபத்திரண்டு வருஷமாக அடுத்தவர் பேச்சைக் கேட்டுச் சம்பளம் வாங்குகிறேன். ஒட்டுக் கேட்கிற வேலை என்று சொன்னால் எங்கள் பிரிவில் எல்லோருக்கும் மூக்குக்கு மேல் கோபம் வரும். பதிவு உதவியாளர் என்று சொல்ல வேண்டுமாம். நான் தம்பி வீட்டு மாடியறையில் தனியாக இருக்கிறேன். தம்பியிடமும் அவன் மனைவியிடமும் டைப் அடிக்கிற வேலை என்று சொல்லி வைத்திருக்கிறேன். அதில் பொய் ஒன்றும் இல்லை, அடிப்பது டைப்தான்.

எங்கள் அறையில் பதினோரு மேஜை. ஒவ்வொன்றிலும் ஒரு டேப் மெஷின், ஒரு டைப்ரைட்டர், காதில் மாட்டிக்கொள்ள ஹெட்போன், காலடியில் ஒரு மிதி. மிதித்தால் டேப் நிற்கும், இன்னும் அழுத்தினால் பின்னால் ஓடும். மிதித்து மிதித்து என் வலது கால் சாப்பிடும்போதுகூடத் தானாக ஆடும். "அண்ணி, கீழ என்ன தையல் மெஷினா ஓட்டுறீங்க?" என்பாள் தம்பி மனைவி. நானும் சிரித்து வைப்பேன்.

ஒரு மேஜைக்கு ஒரு வீட்டுப் போன். மதியம் பன்னிரண்டிலிருந்து எட்டு வரை நேராகக் கேட்க வேண்டும், மீதி நேரத்துக்கு டேப். நாள் முடிவில் ஒரு தாள்: எத்தனை மணிக்கு, யார், என்ன பேசினார்கள் என்று அடித்து, கடைசிக் கட்டத்தில் கவனிக்கத்தக்கது ஏதாவது இருந்தால் எழுத வேண்டும். நான் கையெழுத்துப் போடுவேன், பக்கத்து மேஜைக்காரர் ஒன்றும் கேட்காமலே சாட்சிக் கையெழுத்துப் போடுவார். உடனே டேப்பை அழித்துவிடுவார்கள், மறுநாள் அதே டேப் ஓட வேண்டுமே. அதற்கப்புறம் அந்த வீட்டில் அன்றைக்கு என்ன பேசினார்கள் என்பதற்கு உலகத்தில் மிஞ்சுவது அந்தத் தாள் மட்டும்தான். தொண்ணூறு நாள் கடைசிக் கட்டம் காலியாகவே இருந்தால் அந்த லைனை மூடிவிட்டு வேறு வீட்டைக் கொடுப்பார்கள்.

எனக்குக் கிடைத்தது ஒரு கணக்கு வாத்தியார் வீடு. அமைச்சர் ஒருவரின் மைத்துனருக்குப் பள்ளிக்கூட மைதானத்தைத் தூக்கிக் கொடுக்கப் பார்த்தபோது, இவர் வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கித் தடுத்துவிட்டார். அவர் செய்த குற்றம் அவ்வளவுதான். வீட்டில் அவரும் மனைவியும். மனைவி பள்ளிச் சீருடை தைப்பவர். போனில் பேசிக்கொண்டே தைப்பார், மெஷின் சத்தம் பின்னால் ஓடிக்கொண்டே இருக்கும். ஒரே மகள் வெளியூரில் நர்ஸ் படிப்பு. அவளைக் குட்டி என்று கூப்பிடுவார்கள். தினம் ஏழு மணிக்குக் குட்டியின் போன் வரும்.

முதல் வாரமே தெரிந்துவிட்டது, இவர்களால் அரசாங்கத்துக்கு மட்டுமில்லை, ஓர் ஈ எறும்புக்குக்கூட ஆபத்து இல்லை என்று. ஆனால் எனக்கு ஆபத்து வந்துவிட்டது. ஏழு மணி ஆனால் மனசு பரபரக்கும். வாத்தியார் மகளிடம் போனிலேயே கணக்குப் போடச் சொல்வார், அவள் "அப்பா, நான் ஊசி போடத்தான் படிக்கிறேன்" என்பாள். அம்மா பின்னால் இருந்து, "உங்கப்பாவுக்கே ஒண்ணு போட்டு விடு, வாயை மூடிக்கிட்டு இருப்பாரு" என்பார். நான் ஹெட்போனுக்குள் சிரிப்பேன். பக்கத்து மேஜையில் இருப்பவன் திரும்பிப் பார்ப்பான். அவனை நாங்கள் ரேடியோ என்போம். கேட்க வேண்டிய வேலையில் இருந்துகொண்டு ஓயாமல் பேசுகிறவன். என்னைவிடப் பத்து வயது இளையவன், சொந்த அக்காவைப் போல என்னிடம் ஒட்டிக்கொண்டவன்.

எண்பத்தாறாவது நாள், ஒரு செவ்வாய்க்கிழமை, வீட்டம்மா தன் அக்காவுக்குப் போன் செய்தார். மார்பில் கட்டி. சதையெடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். "ஒரு வாரத்துல சொல்லுவாங்களாம். இவருகிட்ட சொல்லல, குட்டிகிட்டயும் சொல்லல. உனக்கு மட்டும்தான் சொல்றேன்" என்றார். மூன்றாவதாக எனக்கும் தெரிந்துவிட்டது. நான்கு நாளில் லைனை மூடிவிடுவார்கள். அந்தம்மாவுக்கு என்ன ஆயிற்று என்று தெரியாமல் இன்னொரு வீட்டில் போய் உட்கார்ந்து யாரோ ஒருவனின் வாய்ச் சவடாலைக் கேட்க என்னால் முடியாது. அன்றைக்கு அப்படித்தான் நினைத்தேன். அதில் தப்பு எதுவும் எனக்குத் தெரியவில்லை.

கடைசிக் கட்டத்தில் அடித்தேன்: "மாலை 4.20. பொதுத் தொலைபேசியிலிருந்து வெளி ஆள் ஒருவர். ஆண் குரல். பெயர் சொல்லவில்லை. சுருக்கமாகப் பேசி வைத்துவிட்டார்."

ரேடியோ பார்க்காமலே சாட்சிக் கையெழுத்துப் போட்டான். டேப்பை அழித்தார்கள். லைன் இன்னும் தொண்ணூறு நாளுக்கு நீண்டது. ஒன்பதாம் நாள் அந்தம்மா அக்காவிடம், "கெட்ட கட்டி இல்லையாம்" என்று சொல்லிவிட்டு விசும்பினார். நான் கழிவறைக்குப் போய் அழுதேன். பிறகு கடைக்குப் போய் இரண்டு பாக்கெட் பிஸ்கட் வாங்கி வந்து பதினோரு மேஜைக்கும் கொடுத்தேன். பிறந்தநாள் என்று சொன்னேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் குட்டிக்குப் பரீட்சை வந்தது, அக்காவோடு சண்டை வந்தது, அது சமாதானமாக வேண்டியிருந்தது. ஒரு குடும்பத்தில் காரணத்துக்கா பஞ்சம்? எண்பது நாள் தாண்டினால் வெளி ஆள் ஒரு தடவை போன் பண்ணுவார். வீட்டம்மா தைத்த துணியைக் கொடுக்கச் செவ்வாய்க்கிழமை மதியம் வெளியே போனால் இருட்டித்தான் வருவார், வாத்தியார் அன்றைக்குப் பாதி நாள் வீட்டில் இருப்பார். அந்த நேரமாகப் பார்த்துப் போட்டேன். அவர் தனியாக இருக்கும்போது வரும் போன் என்றால்தானே நம்புவார்கள். இரண்டு வருஷத்தில் எட்டு தடவை.

எங்களுக்குக் கீழ் மாடியில் ஆட்களைப் பின்தொடரும் பிரிவு ஒன்று உண்டு. நாங்கள் அவர்களைச் செருப்புத் தேய்ப்பவர்கள் என்போம், அவர்கள் எங்களைக் காதுக் குடைச்சல் என்பார்கள். மூன்றாவது தடவை எழுதியதற்கப்புறம் அவர்களிடமிருந்து ஒரு தாள் வந்தது. "வெளி ஆள் என்று சந்தேகிக்கப்படும் நபர் மாலை 5.40க்குப் பள்ளி வாசலில் காணப்பட்டார். வயது அறுபது இருக்கலாம். இடது காலை இழுத்து நடக்கிறார்."

படித்ததும் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. அவர்களுக்கும் தொண்ணூறு நாள் விதி உண்டு, வெயிலில் நின்று எதையாவது எழுதித் தொலைக்க வேண்டும், பாவம். பேத்தியைக் கூட்டிப்போக வந்த யாரோ ஒரு மனிதராக இருக்கும் என்று தள்ளினேன். ஆனால் அன்று வீட்டுக்குப் போகும்போது பஸ் நிறுத்தத்தில் ஒருவர் காலை இழுத்து நடந்து போனார். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. அந்தக் கால் எனக்குத் தெரியாது. நான் கொடுத்தது குரல் மட்டும்தான். இப்போது அவர் என்னைக் கேட்காமலே நடக்க ஆரம்பித்திருந்தார்.

அதற்கப்புறம் அவர் என்னை விடவில்லை. ஒரு நாள் டேப்பில் மணி அடித்தது, வாத்தியார் எடுத்து "ஹலோ, ஹலோ" என்றார், அந்தப் பக்கம் பதில் இல்லை. மூன்று விநாடி யாரோ மூச்சு விட்டார்கள், வைத்துவிட்டார்கள். தப்பான நம்பராகத்தான் இருக்கும். நான் மிதியை அழுத்தி அழுத்தி அந்த மூச்சைப் பன்னிரண்டு தடவை கேட்டேன். ரேடியோ, "என்னக்கா, பேயைப் பார்த்த மாதிரி உக்காந்திருக்கீங்க?" என்றான்.

தேர்தலுக்கு ஆறு வாரம் இருக்கும்போது அந்த மைதான விவகாரத்து அமைச்சர் தோற்கப்போகிறார் என்று ஊரே பேசியது. ஆசிரியர் சங்கம் எதிர் வேட்பாளருக்கு ஆதரவு, முன்னால் நிற்பது வாத்தியார். மேலிடத்திலிருந்து ஆட்கள் வந்து எங்கள் அலமாரிகளைக் குடைந்தார்கள். நூற்றுக்கணக்கான ஃபைல்கள். அதில் எத்தனையோ காலி. வாத்தியார் ஃபைல் மட்டும் கொழுகொழுவென்று இருந்தது. கொழுக்க வைத்தவள் நான்.

புதன்கிழமை மதியம் ஹெட்போனை மாட்டி, காலையில் ஓடிய டேப்பைப் போட்டேன். வீட்டம்மா மகளுக்குப் போன் செய்திருந்தார். "குட்டி, அப்பாவைக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. பரீட்சைப் பேப்பர் திருத்திக்கிட்டு இருந்தாரு. ரெண்டே பேப்பர்தான் பாக்கி, முடிச்சுட்டு வரேன்னு கேட்டாரு. விடல." தைக்கிற சத்தம் இல்லை. அந்த மெஷின் நின்று நான் கேட்டதே இல்லை.

மறுநாள் எல்லாப் பேப்பரிலும் அதுதான். தேர்தலைக் குலைக்கச் சதி, வெளி ஆளோடு ரகசியத் தொடர்பு, முக்கியப் புள்ளி தலைமறைவு. அமைச்சர் மேடையில் என் எட்டு வரியையும் தேதி தேதியாக வாசித்தார். கூட்டம் கைதட்டியது. நான் அடித்ததை யாராவது இப்படி ரசித்துப் படிப்பார்கள் என்று நான் நினைத்ததே இல்லை.

இதைக்கூடத் தாங்கியிருப்பேன். கேஸ் நிற்காது, ஆள் இல்லாமல் எப்படி நிற்கும் என்று என்னையே தேற்றிக்கொண்டிருந்தேன். வெள்ளிக்கிழமை ஏழு மணிக்குக் குட்டி பேசினாள்.

"குட்டி, உங்கப்பா யார்கிட்டயாவது... நமக்குத் தெரியாம..." என்று அம்மா இழுத்தார்.

"என்னம்மா பேசுற நீ?"

"இல்லடி. எட்டும் செவ்வாய்க்கிழமை. நான் துணி குடுக்கப் போற நேரம். அது எனக்கும் அவருக்கும் மட்டும்தானே தெரியும்? இல்லாததை இவ்வளவு கச்சிதமா எழுதுவாங்களா?"

அந்தம்மாவும் வாத்தியாரும் இருபத்தெட்டு வருஷம் ஒருவருக்கொருவர் கேலி பேசியே வாழ்ந்தவர்கள். நான் உட்கார்ந்த இடத்திலிருந்தே அதில் ஓட்டை போட்டுவிட்டேன். ஜெயிலைவிட இது எனக்குப் பெரிதாகத் தெரிந்தது. அப்படித் தெரிந்ததற்காக என்மேல் எனக்கே வெறுப்பாக இருந்தது.

சனிக்கிழமை பிரிவு அதிகாரியின் அறைக்குப் போனேன். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். எப்போதும் துடைத்துக்கொண்டேதான் இருப்பார்.

"சார், அந்த வெளி ஆள் கிடையாது."

"தெரியும்மா. தலைமறைவு."

"இல்ல சார். அப்படி ஒரு ஆளே கிடையாது. லைனை மூடிடுவாங்கன்னு நான்தான் எழுதினேன். எட்டும் நான் எழுதினது."

அவர் எழுந்து கதவைச் சாத்தினார். "உங்களுக்கு ரத்தக் கொதிப்பு ஏதாவது இருக்கா?"

"இல்ல சார்."

"உக்காருங்க. நீங்க எழுதினது எட்டு. கீழ் மாடிக்காரங்க நேர்ல பார்த்தது பதினாலு. அவங்க பார்த்தது யாரை?"

"அவங்களும் என்னை மாதிரியே..."

"அவங்களும் பொய். சரி. வாத்தியாரே நேத்து மூணு பக்கம் எழுதிக் குடுத்திருக்காரே, அதுவும் பொய்யா? எனக்கே காது குத்துறீங்களா?" என்று சில தாள்களை என் பக்கம் தள்ளினார்.

வாத்தியாரின் கையெழுத்தை அன்றுதான் முதல் தடவை பார்த்தேன். குரல் அவ்வளவு பழக்கம், எழுத்து புதிது. கணக்குக்கு விடை எழுதுவதுபோல ஒன்று, இரண்டு என்று எண் போட்டு எழுதியிருந்தார். உயரமானவர். நரைத்த மீசை. வலது புருவத்தில் வெட்டுத் தழும்பு. காதில் பென்சில் செருகியிருப்பார். இடது காலை இழுத்து நடப்பார். முதல் பக்கம் அச்சடித்ததுபோல நேராக இருந்தது. மூன்றாம் பக்கத்தில் எழுத்து கோட்டை விட்டு இறங்கி எங்கோ போயிருந்தது. அவர் கையை என்ன செய்தார்கள் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

"மேல போயாச்சு. மந்திரி மேடையில வாசிச்சாச்சு. இப்பப் போய் அந்த ஆள் இல்லைன்னா, அப்புறம் யாரு இல்லாமப் போவோம் தெரியுமா? நீங்க, நான், கீழ் மாடி, எல்லாரும். ரெண்டு நாள் லீவு எடுத்துட்டு நல்லாத் தூங்குங்க" என்றார்.

லீவு எடுத்தேன். தூங்கவில்லை. யோசித்தேன். வக்கீலிடம் போய்ச் சொல்லலாம், ஆனால் அது வெறும் வாய் வார்த்தை. எங்கள் தாளில் அடித்து, கையெழுத்து வாங்கி, ஃபைலுக்குள் போனதுதான் உண்மை என்று இருபத்திரண்டு வருஷமாகப் பழகியவள் நான். பொய்யைத் தாள் உண்மையாக்கிற்று. உண்மையும் அதே தாளில் ஏறிவிட்டால் அரசாங்கமே அதைச் சொன்னதாகிவிடும் அல்லவா? அந்த வீட்டுப் போனில் என் வாயால் சொன்னால் போதும், அது டைப் ஆகித்தான் தீரும். எங்கள் வேலை தெரியாத யாருக்கும் இப்படி ஒரு புத்தி வந்திருக்காது.

திங்கட்கிழமை மதியம் மூன்று மணி தாண்டியிருந்தது. மார்க்கெட்டுக்கு எதிரே இருந்த பொதுத் தொலைபேசியில் காசு போட்டேன். என் மேஜையில் எனக்குப் பதிலாக ரேடியோ உட்கார்ந்திருப்பான் என்று தெரியும்.

"யாரு?" என்றார் வீட்டம்மா.

என் பெயரை முழுசாகச் சொன்னேன். என்ன பிரிவு, எந்த மேஜை என்று சொன்னேன். "உங்க போனைக் கேக்கிறது நான்தாங்க. ரெண்டு வருஷத்துக்கு மேல ஆச்சு" என்றேன்.

வைத்துவிடுவார் என்று நினைத்தேன்.

"அப்ப எனக்குக் கட்டி வந்தது?"

"தெரியும்ங்க."

"குட்டி ஃபெயிலானது?"

"தெரியும். அவருகிட்ட நீங்க ஒரு மாசம் சொல்லல."

"அந்த ஆளு?"

"அப்படி யாருமே இல்லீங்க. நான் எழுதினது. அந்தச் செவ்வாய்க்கிழமை ஒண்ணுலயும் அந்த நேரத்துக்கு உங்க வீட்டுப் போன் அடிக்கவே இல்ல. அவரு உங்ககிட்ட எதையும் மறைக்கல."

அவர் மூச்சு விடும் சத்தம் கேட்டது. "பேப்பர்ல அடையாளம் போட்டிருந்தாங்க. மீசை, தழும்பு, காதுல பென்சில். எல்லாம் எங்க மாமனாருங்க. அவரு செத்து ஒன்பது வருஷம் ஆச்சு. அடிச்சுக் கேட்டிருப்பாங்க, உயிரோட இருக்கிற யாரையும் சொல்ல மனசு வராம அப்பாவைச் சொல்லியிருக்காரு. எனக்குப் புரிஞ்சுது. ஆனா மாமாவுக்குக் காலு நல்லாத்தான் இருந்துச்சு. அந்தக் காலுதான் என்னைப் போட்டுக் குழப்புச்சு. அது யாரோடது?"

"அது எங்க கீழ் மாடியில குடுத்ததுங்க" என்றேன். வேறு என்ன சொல்ல?

"எதுக்கு எழுதினீங்க?"

"உங்களுக்கு ரிசல்ட் வர வேண்டியிருந்துச்சு. தெரிஞ்சுக்காமப் போக முடியல."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "இதைக் கோர்ட்ல வந்து சொல்வீங்களா?" என்று மட்டும் கேட்டார்.

"அதுக்கு அவசியமே வராதுங்க. இப்ப நாம பேசினது எல்லாம் பதிவாகியிருக்கும். அரசாங்கக் காகிதத்துலயே இருக்கும். வக்கீலை விட்டு இந்தத் தேதியைக் கேக்கச் சொல்லுங்க."

அன்று ராத்திரி பிணம் மாதிரித் தூங்கினேன்.

மறுநாள் அலுவலகத்துக்குள் நுழைந்ததும் ரேடியோ என்னைப் படிக்கட்டுப் பக்கம் இழுத்துக்கொண்டு போனான். முகமெல்லாம் வேர்த்திருந்தது. ஆனாலும் ஒரு பெருமை தெரிந்தது.

"அக்கா, உங்க குரலைக் கேட்டதும் எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. என்ன காரியம் பண்ணிட்டீங்க? பேரை வேற சொல்றீங்க. கவலைப்படாதீங்க, நான் பார்த்துக்கிட்டேன்."

"என்ன பார்த்துக்கிட்ட?"

"வாத்தியாரைப் பிடிச்சதுல இருந்து போன் வர்ற நேரத்தை எக்ஸ்சேஞ்சுலயும் குறிக்கிறாங்க, எழுதாம விட முடியாது. அதனால வேற மாதிரி எழுதிட்டேன். டேப்பை நானே கொண்டுபோய் நின்னு அழிச்சுட்டு வந்தேன். உங்களுக்கு ஒண்ணுன்னா யாரு இருக்காங்கக்கா? தம்பியா வந்து நிப்பாரு?"

தாளைப் பார்த்தேன். "மதியம் 3.10. பொதுத் தொலைபேசி. வெளி ஆள். ஆண் குரல். பெயர் சொல்லவில்லை. குற்றவாளியின் மனைவியுடன் நான்கு நிமிடம்." பக்கத்து மேஜையின் சாட்சிக் கையெழுத்தும் இருந்தது.

இந்த இடத்தில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு முதலில் வந்தது நிம்மதி. என் வேலை தப்பியது, மாடியறை தப்பியது, நான் தப்பினேன் என்ற நிம்மதி. அது ஒரு நொடிதான் இருந்தது. ஆனாலும் அது வந்ததை என்னால் மறக்க முடியவில்லை. அப்புறம்தான் அந்தத் தாளைத் திரும்பவும் படித்தேன். தலைமறைவானவர் இப்போது மனைவியோடும் பேசிவிட்டார். ரேடியோவைத் திட்ட வாய் வரவில்லை. அவன் என்னைக் காப்பாற்றத்தான் அப்படி எழுதினான்.

நான் சொன்னபடியே வக்கீல் கோர்ட்டில் அந்தத் தேதியின் தாளைக் கேட்டு வாங்கினார். சாதாரணமாக இந்தத் தாளெல்லாம் வெளியே வராது. இதை மட்டும் எங்கள் அதிகாரி சந்தோஷமாகக் கொடுத்தார். ஒரு பெண் போன் செய்து பெயர் சொன்னாள் என்று வீட்டம்மா சத்தியம் செய்தார், பெயர் எழுதிவைத்த துண்டுச் சீட்டைக் காட்டினார். அரசு வக்கீல் தாளைக் காட்டினார். ஆண் குரல், பெயர் சொல்லவில்லை. புருஷனைக் காப்பாற்ற மனைவி கதை கட்டுகிறார் என்றார்கள்.

அதிகாரி என்னைக் கூப்பிட்டார். மேஜையில் ஒரு காகிதமும் பேனாவும். அந்த வீட்டாருடன் எனக்கு எந்தப் பேச்சுவார்த்தையும் இல்லை, அந்தத் தேதியில் நான் போன் செய்யவில்லை என்று அதில் அடித்திருந்தது.

"ஒரு கையெழுத்துத்தான். இல்லைன்னாலும் எனக்கு ஒண்ணும் இல்ல. உங்க கூட்டாளி டேப்பை அழிச்சதை விசாரிக்க வேண்டியிருக்கும். அவனுக்கு ரெண்டு பிள்ளைங்கன்னு கேள்வி" என்றார்.

போட்டேன். ரேடியோவுக்காகப் போட்டேன் என்று இன்றுவரை சொல்லிக்கொள்கிறேன். பாதி உண்மை. மீதிப் பாதி என் பயம்.

வாத்தியாருக்கு ஒன்பது வருஷம் ஜெயில். அமைச்சர் ஜெயித்தார். முதல் குற்றவாளியான வெளி ஆள் இன்னும் பிடிபடவில்லை என்று தீர்ப்பில் எழுதியிருக்கிறது. அவர் பிடிபடும்வரை அந்த லைனை மூட மாட்டார்கள். அதைக் கேட்க என்னையே மறுபடி உட்கார வைத்தார்கள், பழகின காது என்று.

வீட்டம்மாவுக்கு இப்போது எல்லாம் தெரியும். குட்டியின் போன் முடிந்ததும் ரிசீவரை வைத்துவிட்டு மறுபடி எடுப்பார். டயல் டோன் ஓடிக்கொண்டிருக்கும், அதற்கு மேல் பேசுவார். எனக்குத்தான். "இருக்கீங்களா? அப்பீல்ல தேதி குடுத்திருக்காங்க. பதினாலாம் தேதி, காலைல பத்தரை மணி. மூணாவது மாடி. லிஃப்ட் வேலை செய்யல, படியேறித்தான் வரணும். நீங்களே வந்து சொன்னாத்தான் எடுத்துக்குவாங்களாம், வக்கீல் சொல்றாரு." அவ்வளவுதான். அழுவதில்லை, சபிப்பதில்லை. பேசி முடித்ததும் கொஞ்ச நேரம் பதிலுக்குக் காத்திருப்பதுபோலப் பேசாமல் இருப்பார். அந்த லைனில் என் பக்கமிருந்து பேச வழி கிடையாது. நான் ஹெட்போனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். இந்தப் பேச்சை மட்டும் நான் டைப் அடிப்பதில்லை.

பதினாலாம் தேதி போகவில்லை. அடுத்த தேதியும் சொன்னார், அதற்கும் போகவில்லை. ஐந்து தேதி சொன்னார். ஒவ்வொன்றையும் அதே குரலில், மணி, மாடி, படி என்று விடாமல் சொன்னார். வாத்தியாருக்குக் கைவிரல் இரண்டு மடங்குவதில்லையாம், சாக்பீஸ் பிடிக்க முடியாதாம், அதையும் ஒரு நாள் சொன்னார்.

ஆறாவது தேதிக்குப் போனேன். தம்பி மனைவியிடம் டாக்டரைப் பார்க்கப் போவதாகச் சொன்னேன். கோர்ட்டின் படிக்கட்டில் ஒரே கூட்டம். முதல் மாடி ஏறினேன், இரண்டாம் மாடி ஏறினேன். அங்கே கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மேலிருந்து ஒருவர் காலை இழுத்து இழுத்து இறங்கி வந்தார். நரைத்த மீசை. என்னைப் பார்த்து, "வழி விடும்மா" என்றார். யாரோ வழக்குக்கு வந்தவர்தான், எனக்குத் தெரியும். புருவத்தில் தழும்பு இருக்கிறதா என்று நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. அவர் பின்னாலேயே நானும் இறங்கி வந்துவிட்டேன்.

அன்று மாலை ஏழரைக்கு வீட்டம்மா ரிசீவரை எடுத்தார். டயல் டோன் கேட்டது.

"நீலச் சேலை கட்டிக்கிட்டு ரெண்டாவது மாடியில கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டு நின்னு, அப்படியே திரும்பிப் போனது நீங்கதானே?" என்றார். "நான் மேல இருந்து பார்த்துக்கிட்டே இருந்தேன். கூப்பிடலாம்னு நினைச்சேன், பயந்து ஓடிடுவீங்களோன்னு விட்டுட்டேன். இன்னும் ஒரு மாடிதாங்க இருந்துச்சு."